நைலான் தாலியா, இரும்புத் தாலியா?

என் கையெழுத்தைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் மன்னித்துவிடுங்கள். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ல, ள, ழ மூன்றில் எது என்று தெரியாத இடத்தில் பேனாவுக்கு வந்ததைப் போட்டிருக்கிறேன். (வாயால் நான் செய்த குழப்பத்துக்கு இது எவ்வளவோ தேவலை.)

எழுபதுகளில் பொங்கோலில் ஒரு படகுப் பட்டறையில் வேலை பார்த்தேன். படகைத் தண்ணீரிலிருந்து டிரெய்லரில் இழுத்து ஏற்ற ஒரு வின்ச் உண்டு. கைப்பிடியைச் சுற்றினால் கம்பிவடம் உருளையில் சுருண்டு படகு மேலே வரும். பட்டறையில் பேச்செல்லாம் மலாய்தான். மலாயில் கயிற்றுக்குப் பெயர் 'தாலி'. நைலான் கயிறும் தாலி, இரும்பு வடமும் தாலி. அங்கிருந்த தமிழர்கள் நானும் மாரி அண்ணனும் மட்டுமே. நாங்கள் தமிழில் பேசும்போதும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம்.

ஒரு நாள் வடம் அறுந்தது. புதிதாக எதை வாங்கலாம் என்று பார்த்துவிட்டுப் போன் செய்யச் சொல்லி முதலாளி என்னை அனுப்பினார்.

ஜாலான் புசார் தெருவில் ஒரு கடையில் இரண்டையும் தொட்டுப் பார்த்தேன். இரும்பு பலம்தான், ஆனால் உப்புத் தண்ணீரில் துரு பிடிக்கும், பிசிறு கையைக் குத்தும். நைலான் கைக்கு இதம், ஆனால் பாரம் ஏறினால் நீளும், வெயிலில் நைந்துபோகும். எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. (காப்பியா டீயா என்று கேட்டாலே திணறுகிற ஆள்.) கடைக்காரரோ போனைக் காதிலிருந்து எடுப்பதாக இல்லை. எனக்குத் தெரிந்த இன்னொரு போன் ஃபேரர் பார்க்கில் ஒரு மளிகைக் கடையில் இருந்தது. எனக்கு மாமனாராகப் போகிறவரின் கடை. அடுத்த மாதம் கல்யாணம். போன இடத்திலெல்லாம் நான் தலை நிமிராமல் உட்கார்ந்து, "பையனுக்குப் பேச்சு வராதா?" என்று பல வீடுகள் கைவிட்ட பிறகு அமைந்த சம்பந்தம் அது.

அத்தை பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். தயங்கித் தயங்கிப் போன் கேட்டேன். பட்டறையில் மாரி அண்ணன் எடுத்தார். ஒரே இரைச்சல். கத்தினேன்.

"அண்ணே, தாலி எதுல வாங்குறது? இரும்பா, நைலானா?"

அவர் ஏதோ கேட்டார்.

"பழைய தாலி இரும்புதானேண்ணே, அதுதான் அறுந்துபோச்சே! நைலானே போதும். மலிவு. தேவைப்பட்டா அவுத்து இன்னொண்ணுக்குக் கட்டிக்கலாம்."

பின்னால் பருப்பு தரையில் கொட்டும் சத்தம்.

"என்னங்க! ஓடி வாங்க! இவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கு!"

அத்தைக்கு மலாய் தெரியாமல் இல்லை. மலாயில்தான் மீன் பேரம் பேசுவார். ஆனால் கல்யாண வீட்டுக் காதுக்கு ஒரு தாலிதானே கேட்கும்? அதுவும் மாப்பிள்ளை வீடு வாங்க வேண்டிய தாலி!

மாமா ஓடி வந்தார். "என்ன தம்பி இது?" என்றார். (முந்தின வாரம் பார்த்தபோது 'மாப்பிள்ளை' என்றவர்.)

"படகுக்கு..." என்றேன்.

"படகுக்குத் தாலி கட்டுனீங்களா?"

என் வாயில் "அறுந்துபோச்சு மாமா" என்று மட்டும் வந்தது.

"ஐயோ, அந்தப் பொண்ணு அத்து எறிஞ்சிட்டுப் போயிட்டாளா!" என்றார் அத்தை.

"சாயங்காலமே நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பிடுறேன்" என்றார் மாமா.

அப்போது உள்ளே திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு. "அம்மா, கயிறும்மா! மலாய்த் தாலி! அவர் படகு வேலைதானே பாக்குறார் லா!"

அவள் குரலை நான் கேட்டது அன்றுதான் முதல் முறை. பெண் பார்க்கப் போனபோது கால் விரல்களை மட்டுமே பார்த்திருந்தேன்.

மாமாவுக்கு நம்பிக்கை வரவில்லை. தொங்கிக்கொண்டிருந்த ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். மாரி அண்ணன் இன்னும் கத்திக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது: "டேய், எந்தத் தாலியாவது வாங்கிட்டு வாடா! டிரெய்லர் சும்மா நிக்குது!"

மாமா ரிசீவரை வைத்துவிட்டு, "வாங்க மாப்பிள்ளை, நானும் வர்றேன்" என்றார். அறுந்துபோகும் பேச்சே இனி வேண்டாம் என்று, இருப்பதிலேயே தடித்த இரும்பு வடத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். கட்டைவிரல் பருமன். அது வின்ச் உருளையில் வளையவே மறுத்தது. முதலாளி மலாயில் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. மறுநாள் போய் நைலானாக மாற்றி வந்தேன்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. தாலி தங்கம்தான்.

சில வருடம் கழித்து என் மைத்துனியைப் பார்க்க ஒரு பையன் வந்தான். அலுவலகத்தில் குமாஸ்தா, நல்ல பையன். ஊர், பேர் கேட்பதற்கு முன்பே அத்தை கேட்டார்: "தம்பி, படகு கிடகு ஏதாவது வச்சிருக்கீங்களா?"

அவன் பயந்துபோய், "இப்ப இல்லைங்க. கல்யாணத்துக்குள்ள வாங்கிடுறேன்" என்றான்.

அந்தச் சம்பந்தம் அமையவில்லை.

எழுதி முடித்தது: 14 ஆகஸ்ட் 1988, ஞாயிற்றுக்கிழமை