அக்காவின் இணையக் கடைக்கு நான் நாள் பார்த்த கதை

வேலையில்லாத ஆளிடம் ஒரு திட்டத்தை ஒப்படைக்கக் கூடாது. அவன் அதை முடிக்கவே மாட்டான். முடித்துவிட்டால் மறுநாள் காலையில் மறுபடியும் வேலையில்லாதவன் ஆகிவிடுவானே, எப்படி முடிப்பான்? இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அக்காவின் இரண்டு கால்களையும் செலவழித்துத் தெரிந்துகொண்டேன்.

அக்கா செல்வக்கனிக்கு, நாகர்கோவில் பக்கம் கொட்டாரம் என்ற ஊரில் ஏத்தங்காய் சிப்ஸ் கடை. (வெளியூரில் நேந்திரங்காய் என்பார்கள். எங்களுக்கு ஏத்தங்காய்தான்.) கடையைவிட அதன் இணையதளம் பெரியது. பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கிற நம்மூர்க்காரர்களும் மலையாளிகளும் ஓணத்துக்கு முந்தைய மூன்று வாரத்தில் சிப்ஸும், வெல்லப்பாகில் புரட்டிய சர்க்கரை வரட்டியுமாகக் குவித்து ஆர்டர் போடுவார்கள். அந்த மூன்று வாரம்தான் அக்காவின் வருடம்.

வருடக்கணக்காக எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றதில் அக்காவின் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்துவிட்டது. சாயங்காலம் ஆனால் கால் வீங்கும். நின்று வேலை செய்வதை நிறுத்தாவிட்டால் புண் வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா ஒரு முடிவு செய்திருந்தாள். வருகிற ஓணம் போன ஓணம் மாதிரிப் போய்விட்டால், சட்டிக்கு இரண்டு ஆள் போட்டுவிட்டு இவள் உட்கார்ந்துவிடுவாள். அதற்காக மெத்தை வைத்த நாற்காலி ஒன்றுகூட வாங்கிவிட்டாள்.

இப்போது நான். ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பத்து வருடம் பில் போட்டேன். வீட்டில் "கம்ப்யூட்டர் செக்ஷன்" என்று சொல்லி வைத்திருந்தேன். (பொய் இல்லை. என் முன்னால் இருந்தது கம்ப்யூட்டர்தான்.) அந்தக் கடையை மூடியதும் ஊருக்கு வந்து ஒன்றரை வருடம் சும்மா இருந்தேன். என் மாமனார் பூதப்பாண்டிக்காரர், அபுதாபியில் இன்னும் வேலையில் இருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் வீடியோவில் வந்து என் மனைவியிடம், "மருமவன் இப்ப என்ன செய்யுதாரு?" என்று கேட்பார். நான் அடுத்த அறையில் சத்தம் வராமல் உட்கார்ந்திருப்பேன்.

சித்திரையில் ஒரு மின்னஞ்சல் வந்தது. கடையின் இணையதளம் ஓடுகிற மென்பொருளின் பழைய பதிப்புக்கு ஆடி நடுவோடு ஆதரவு முடிகிறது, அதற்குள் புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று. அதாவது, அதற்குப் பிறகு ஓட்டை விழுந்தால் அடைக்க யாரும் வரமாட்டார்கள், திருடன் புகுந்தால் உங்கள் பாடு. (மின்னஞ்சலில் ஆங்கிலத் தேதிதான் இருந்தது. அதை ஆடியாக மாற்றிய பெருமை எனக்கே உரியது.)

"லே, நீ கம்ப்யூட்டர்ல இருந்தவம்லா, இத என்னன்னு பாரு," என்று அக்கா போனை என் கையில் கொடுத்தாள்.

தளத்தை முதலில் செய்து கொடுத்தது ஜெனிபர். மணவாளக்குறிச்சிப் பெண், நாகர்கோவிலில் சின்னதாக ஆபீஸ் வைத்திருக்கிறாள். கேட்டதும் சொன்னாள், "அண்ணே, ரெண்டு நாள் வேலை. ஒரு காப்பி எடுத்து வச்சிட்டு, புதுசுக்கு மாத்தி, ஆர்டர் போட்டுப் பாத்துட்டு விட்டுரலாம். வைகாசியிலயே முடிச்சிருகேன்."

எனக்கு அவமானமாகிவிட்டது. ஒன்றரை வருடம் கழித்து ஒரு பதவி வருகிறது, அதன் ஆயுள் இரண்டு நாளா? "ஜெனிபர், மொதல்ல பிளானிங் வேணும்," என்றேன்.

நாகர்கோவிலுக்குப் போய் நான்கு வண்ணத்தில் சார்ட் அட்டை வாங்கி வந்து பொட்டலம் கட்டுகிற அறைச் சுவரில் ஒட்டினேன். கட்டம், கட்டத்துக்குள் கட்டம், அம்புக்குறி. முதல் கட்டம் ஆலோசனை. இரண்டாம் கட்டம், முதல் கட்டத்தில் சொன்ன ஆலோசனைகளை ஆய்வு செய்வது. திங்கள்தோறும் கூட்டம். அக்காவும் பொட்டலம் கட்டுகிற இரண்டு பெண்களும் கட்டாயம் வர வேண்டும். "எண்ணெய் காயுதுலே, நீ பேசி முடிச்சியா?" என்பாள் அக்கா. நான் நோட்டில், "தலைவர் ஒப்புதல் அளித்தார்" என்று எழுதிக்கொள்வேன். ஆனி மாதம் முழுவதும் புதிய தளத்தின் பச்சை நிறம் எந்தப் பச்சை என்பதிலேயே கழிந்தது. ஜெனிபர் ஏழு பச்சை அனுப்பினாள். ஏழையும் திருப்பி அனுப்பினேன்.

அப்போதுதான் மாமனார் ஆவணியில் லீவில் வருவதாகச் சொன்னார். எனக்குப் பளிச்சென்று தோன்றிவிட்டது. திறப்பு விழா! மாமா பொத்தானை அமுக்க, புதிய தளம் பெரிய டிவியில் திறக்க, பக்கத்தில் நான் வேட்டி சட்டையில் நிற்பேன். எங்கள் பக்கத்தில் கிணற்றுக்கு மோட்டார் வைத்தாலே பத்திரிகை அடித்துக் குத்துவிளக்கு ஏற்றுகிறவர்கள் உண்டு. அதனால் இணையதளத்துக்கு விழா என்றதும் யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு யாராவது ஒருத்தர் சிரித்திருக்கலாம். பத்திரிகையில் என் பெயருக்கு முன்னால் "நிர்வாக இயக்குநர்" என்று போட்டேன். கடைக்குச் சொந்தக்காரியான அக்காவின் பெயர் கீழே, "வரவேற்பு" என்ற இடத்தில் இருந்தது.

ஆதரவு முடிவது ஆடி நடுவில், மாமா வருவது ஆவணியில். இடையில் மூன்று வாரம் கதவைத் திறந்து போட்டுக் கிடக்க வேண்டும். ஜெனிபர் போனில் கத்தினாள். மாமாவுக்காகத் தள்ளிப்போடுகிறேன் என்று அக்காவிடம் சொல்ல எனக்கு வெட்கம். வேறொரு காரணம் கண்டுபிடித்தேன்.

"ஆடியில புதுசா எதையும் தொடங்கப்பிடாதுக்கா."

அக்கா ஜல்லிக்கரண்டியோடு திரும்பினாள். "நம்ம வீட்டுல எவன்லே ஆடி பாத்தான்? நாம நாளும் கெழமையும் பாக்காத அய்யாவழிக்காரங்க. எனக்க கல்யாணமே ஞாயித்துக்கெழம எல்லாருக்கும் லீவுன்னு வச்சதுதான். நீ கம்ப்யூட்டருக்கு நாள் பாக்குதியா?"

"நாம பாக்கலேன்னாலும் ஊரு பாக்கும்லா? மூணு வாரந்தானே."

அக்கா காலை மாற்றி நின்றுகொண்டு, "நாலு எடத்துல இருந்தவன், ஒனக்குத் தெரியும். எனக்கு ஓணம் ஆர்டர் கெட்டுப் போயிரப்பிடாது, அவ்வளவுதான்," என்றாள்.

ஜெனிபர் விடவில்லை. "அண்ணே, ஆடியும் ஆவணியும் திருடனுக்குத் தெரியாது, கேட்டேளா." நம் பண்பாடு என்று ஒன்று இருக்கிறது என அவளுக்குப் பாடம் எடுத்தேன். (ஷார்ஜாவில் பத்து வருடமாக ஆடி எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியாமல் இருந்தவன் எடுத்த பாடம்.)

ஆடி கடைசி வாரம் அக்கா கேட்டாள், "போன வருசம் இந்நேரம் ஆர்டர் வந்து கொட்டுச்சு. இப்ப ஒண்ணையும் காணலியே, என்னலே?" நான் என் கம்ப்யூட்டரில் தளத்தைத் திறந்து பார்த்தேன். சிப்ஸ் மஞ்சள் மஞ்சளாக அழகாகத் தெரிந்தது. "எல்லாரும் புது சைட்டுக்காகக் காத்திருக்காங்கக்கா," என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். மறுக்கலாம் என்றால் சாட்சிகள் இருக்கிறார்கள்.

விழா நாள் காலை பத்து மணி. கடை முன்னால் பந்தல், நாற்பது நாற்காலி, வாடகை டிவி. அக்காவின் மெத்தை நாற்காலியில் மாமா உட்கார்ந்திருந்தார். (அக்கா அதில் அதுவரை உட்காரவே இல்லை. ஓணம் கழியட்டும் என்று பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் வைத்திருந்தாள். உறையைப் பிரித்ததும் நான்தான்.) விளக்கு ஏற்றியாயிற்று. மாமா ஒரு நியாயஸ்தர். "மொதல்ல பழைய கடை எப்பிடி இருக்குன்னு பாப்போம். பொறவு புதுசத் தொறப்போம்," என்று தன் போனில் கடையின் பெயரைத் தேடி அமுக்கினார்.

போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் சீட்டு விளையாட வரும்படி உரக்க அழைத்தது. மைக் பக்கத்தில் இருந்ததால் தெருமுனை வரைக்கும் அழைத்தது.

"மருமவனே, சிப்ஸ் கேட்டா சீட்டு வெளையாடக் கூப்பிடுகா. ஆரு இது?"

"மாமா, நீங்க எதையோ மாத்தி அமுக்கிட்டீங்க."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் அமுக்கியது தப்பா சரியா என்று பார்க்க நாற்பது பேரும் போனை எடுத்தார்கள். ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவருக்கு ஆண்மை பெருக்கும் மாத்திரைகள் வரிசையாக வந்தன. அவர் போனை மடியில் கவிழ்த்து வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக நிமிர்த்தியும் பார்த்தார். பொட்டலம் கட்டுகிற பெண், "அய்யே, எனக்கு அதைவிட மோசமா வருது," என்று போனை முந்தானையால் மூடினாள். பின்வரிசையில் ஒரு பெரியவர், "தம்பி, எனக்கு ஒண்ணும் வரலியே," என்று ஏமாற்றத்தோடு கேட்டார்.

ஜெனிபர் ஒரு போனை வாங்கிப் பார்த்தாள். "திருடன் உள்ள பூந்து பத்து நாளாவது இருக்கும். வெளிய இருந்து போன்ல தேடி வாறவங்களுக்கு மட்டும் இது வரும். நம்ம கம்ப்யூட்டர்ல காட்டாது," என்றாள். அவள் திட்டியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லி அன்றைக்குத் தப்பித்திருப்பேன்.

மாமா சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். போகும்போது என் மனைவியிடம், "மருமவன் என்ன செய்யுதாருன்னு இனி கேக்க மாட்டேன்," என்றார். சொன்னபடியே இன்றுவரை கேட்கவில்லை.

ஜெனிபர் எல்லாவற்றையும் சுத்தம் செய்து புதிய பதிப்புக்கு மாற்ற எடுத்துக்கொண்டது இரண்டே நாள். ஆனால் தேடுபொறி எங்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்திருந்ததால், தளத்துக்குள் நுழைந்தாலே "ஆபத்து" என்று சிவப்பாக ஒரு பலகை வந்து நின்றது. அது விலகும்போது ஓணம் முடிந்திருந்தது. வருடா வருடம் பெட்டி பெட்டியாக வாங்குகிற பெங்களூர் மலையாளி சங்கத்தின் செயலாளர் அக்காவுக்கு போன் செய்தார். "சேச்சி, உங்க சைட்டு தொறந்தா வேற என்னமோ வருது. கமிட்டியில லேடீஸ் எல்லாம் உண்டு. இந்தத் தடவ வேற ஆளுட்ட சொல்லியாச்சு, ஒண்ணும் மனசுல வைக்கண்டாம்." அக்கா, "பரவால்ல சாரே," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

முன்கூட்டி வாங்கிப் போட்டிருந்த ஏத்தங்குலைகள் அறை நிறையப் பழுத்தன. பழுத்தால் சிப்ஸுக்கு ஆகாது. நான் வீடு வீடாகப் பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிர்வாக இயக்குநர் என்ற முறையில் நான் செய்த ஒரே விநியோகம் அதுதான். அந்த வருடம் அக்கா ஆள் போடவில்லை. அடுத்த வருடமும் போட முடியவில்லை. விலகிப் போன வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் திரும்பி வரவே இல்லை. மூன்றாவது வருடம் கணுக்காலில் புண் வந்தது. அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் அந்தப் பக்கம் போனால், "சாப்பிட்டியாலே?" என்றுதான் கேட்பாள். அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

மற்றவர்கள் அவ்வளவு நல்லவர்கள் இல்லை. வீட்டில் யாராவது ஒரு வேலையைத் தள்ளிப்போட்டால், "நாள் பாத்தாச்சா?" என்று கேட்பார்கள். பல்பு மாற்றுவதற்கும் கேட்கிறார்கள். என் மகள் பரீட்சைக்குப் படிக்கவில்லை என்று நான் சத்தம் போட்டால், "ஆவணியில படிக்கேன்பா," என்கிறாள்.

போன வருடம் அக்காவின் கால் நரம்புக்கு ஆபரேஷன் என்று முடிவானது. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் டாக்டர் காலண்டரைப் பார்த்துவிட்டு, "வர்ற வியாழக்கிழமை செய்யலாம். ஆனா ஆடி பொறந்துருது. உங்களுக்கு அது சங்கடம்னா ஆவணிக்கு வச்சுக்கலாம்," என்றார். என் மனைவி சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"வியாழக்கிழமையே செய்யுங்க டாக்டர்," என்றாள் அக்கா. "எங்க வீட்டுல ஒருத்தன் ஒரே ஒரு தடவ ஆடி பாத்தான். அதுலதான் இந்தக் காலு இப்பிடி ஆச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டாக்டரும் சிரித்துவிட்டு, "யாரும்மா அது?" என்று கேட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. "விடுங்க டாக்டர், சின்னப் பையன், தெரியாமச் செஞ்சிட்டான்," என்றாள்.

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது.