உப்புக்கு முந்தி வந்த கருவாடு

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பொறகு கற்பிட்டியை ஆளப் போறதெண்டு ஹாசிம் செவ்வாய்க்கிழமை காலையிலயே முடிவெடுத்திட்டார். பாணைச் சம்பல்ல தொட்டுக்கொண்டே எடுத்த முடிவுதான். ஆனா பெரிய முடிவு.

கற்பிட்டிக்காரர் பயப்பட ஒண்டும் இல்ல. ஆட்சி கொம்பியூட்டருக்குள்ளதான்.

ஹாசிம் பாலாவியில ஒரு உப்பளத்தில சுப்பவைசர். மன்னாரில இருந்து அகதியா வந்த குடும்பம். சண்டை முடிஞ்ச பொறகு அவர்ட வாப்பா மன்னாருக்கே திரும்பிப் போனார். ஹாசிம் போகல்ல. உப்பளத்தில வேலை, பாலாவியிலயே வீடு, கற்பிட்டியில பொண்டாட்டிட குடும்பம், எல்லாம் இஞ்சால வேர் விட்டுட்டுது. பகல் முழுக்க வெயிலுக்குள்ள நிண்டு வெள்ளை உப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனுசன், பின்னேரம் வீட்டுக்கு வந்தா சுல்தான். ராஜ்ஜியம் பிடிக்கிற விளையாட்டு ஒண்டு வச்சிருந்தார். கோட்டை கட்டலாம், படை சேர்க்கலாம், ஏவாரம் பண்ணலாம். வெள்ளைக்காரன் செய்த விளையாட்டு எண்டபடியா அதில கோதுமை இருந்திச்சு, செம்மறியாடு இருந்திச்சு, வருசத்தில பாதி நாள் பனி கொட்டிச்சு. கருவாடு மட்டும் இல்ல. கருவாடு இல்லாத ராஜ்ஜியத்தில ஹாசிமுக்கு மனம் ஒட்டல்ல.

அந்த மாதிரி விளையாட்டுக்கு நாமளே புதுசா ஊரும் பொருளும் எழுதிச் சேர்க்கலாம். அதுக்குப் பேர் மொட். ஹாசிம் மாசக்கணக்கா எழுதினார். கற்பிட்டிக் கோட்டைக்கு ஒரு ஃபைல், கருவாட்டுக்கு ஒண்டு, உப்புக்கு ஒண்டு, அரசனுக்கு ஒண்டு. அரசன் ஆரெண்டு நீங்க கேட்கத் தேவையில்ல. தலைப்பா கட்டி ஃபோட்டோவும் எடுத்து வச்சிருந்தார்.

சிக்கல் மேசையிலதான். வீட்டில ஒரே ஹோல், ஹோலில ஒரே ஃபேன், ஃபேனுக்கு நேர கீழ ஒரே மேசை. அதில கொம்பியூட்டர். பொஞ்சாதி நஃபீஸாட தையல் மெசின் பின் விறாந்தையில, கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில. பெருநாளைக்கு அபாயா தைக்கச் சொல்லி ஊர்ப் பொம்புளையள் கறுப்புத் துணி குடுத்திருந்தாங்க. நஃபீஸா தைச்சு விரிச்சு வச்சா, கோழி அதுக்கு மேலால நடந்து வெள்ளைப் பூ வேலை செஞ்சிட்டுப் போகும்.

"இஞ்ச பாருங்க, பெருநாள் கிட்டடியில வருது. மேசையத் தாங்க."

"அதில ஒரு ராஜ்ஜியம் நடக்குது, நஃபீஸா."

"எங்க நடக்குது? ஒரு கிழமையா அது திறக்கவே இல்லையே. அமத்தினா மூடுது, அமத்தினா மூடுது. எங்கட வாசல் கேட்டும் அப்படித்தான். அதுவும் நீங்க செஞ்சதுதானே."

ஹாசிம் சம்பல்ல இருந்து கையை எடுத்தார். இப்பதான் அந்தப் பெரிய முடிவு வந்திச்சு.

"வெள்ளிக்கிழமை உங்கட ரஸாக் நானாவைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடு. ஜும்ஆ முடிஞ்சு வந்து, அவருக்கு முன்னாலயே என்ட ராஜ்ஜியத்தைத் திறந்து காட்டுறன். திறந்த உடனே அரச கட்டளை ஒண்டு வரும். அதில என்ன எழுதியிருக்கோ, அதுதான் இந்த வீட்டுச் சட்டம்."

"திறக்காட்டி?"

"திறக்காட்டி மேசை உனக்கு. கொம்பியூட்டர் கோழியளுக்கு."

"திறந்தா, கட்டளையில என்ன வந்தாலும் சட்டமா?"

"என்ன வந்தாலும்."

"பொறகு கதை மாத்தப்படாது."

"ஹாசிம் கதை மாத்துற ஆளா?"

நஃபீஸா ஃபோனை எடுத்து நானாவுக்கு அடிச்சு, பந்தயத்தை ஹாசிம்ட வாயாலயே திரும்பச் சொல்ல வச்சா. ரஸாக், நஃபீஸாட மூத்த அண்ணன், கற்பிட்டியில கருவாட்டு ஏவாரம். பள்ளிவாசல் நிருவாகத்திலயும் இருக்கிறவர். அந்தக் குடும்பத்தில என்ன பிணக்கு வந்தாலும் தீர்ப்பு அவர்தான். அவர் முழுக்கக் கேட்டுட்டு, "மன்னார் ஆளுக்கு எங்கட கற்பிட்டி கேக்குதோ? சரி, நான் வாறன். ஆக்கிறது என்ன, புரியாணியா?" எண்டு மட்டும் கேட்டார்.

பந்தயம் உறுதியாச்சு. இனி ராஜ்ஜியம் திறக்கணும். அவ்வளவுதான் மிச்சம்.

திறக்கல்ல.

ஹாசிம் கலங்கவும் இல்ல. பின்னேர வகுப்பில கொம்பியூட்டர் படிச்ச மனுசன், முறை தெரியும். முதல்ல விளையாட்டை அழிச்சுத் திரும்ப ஏத்தினார். திறக்கல்ல. கரண்டில குறை எண்டார். கரண்ட் நல்லாத்தான் இருந்திச்சு. பொறகு தான் எழுதின ஃபைலுகளை எல்லாம் வெளியில எடுத்து வச்சு, ஒண்டு ஒண்டா உள்ள விட்டுப் பார்த்தார். கோட்டையை விட்டார், திறந்திச்சு. அரசனை விட்டார், திறந்திச்சு. உப்பை விட்டார், திறந்திச்சு. கருவாட்டை விட்டார். பொத்தெண்டு மூடிச்சு.

"ஆளைப் பிடிச்சிட்டன்!" எண்டு கத்தினார்.

"ஆரை?" எண்டு குசினியில இருந்து சத்தம்.

"கருவாட்டை!"

"பூனை இழுத்திட்டுப் போச்சா?"

கருவாட்டு ஃபைலை எடுத்துப் போட்டுட்டு, கருவாடு இல்லாமலே கற்பிட்டியை ஆண்டு பார்த்தார். சனம் பட்டினி. மூணாம் மாசமே கலகம். கோட்டைக் கதவை உடைச்சு சுல்தானைக் கடலுக்க போட்டாங்க. இது சரி வராதெண்டு கருவாட்டைத் திரும்ப உள்ள விட்டு, மூடக்குள்ள திரையில என்னதான் எழுதுதெண்டு மூக்கு முட்டக் குனிஞ்சு வாசிச்சார். கருவாடு செய்ய 'உப்பு' எண்டு ஒரு பொருள் கேக்குதாம். அப்படி ஒரு பொருளே இல்லையாம்.

"உப்பில்லையாம்!" ஹாசிமுக்குக் கோவம் வந்திட்டுது. "உப்பு ஃபைல் பக்கத்திலயே இருக்கு. கண் தெரியல்லையா இதுக்கு?"

"உப்பளத்து சுப்பவைசர்ட ராஜ்ஜியத்தில உப்பில்லையா?" நஃபீஸா தேத்தண்ணியை மேசையில வச்சா. "வெளியில சொல்லிடாதீங்க. வேலையால நிப்பாட்டிடுவாங்க."

வியாழக்கிழமை. நஃபீஸா கட்டா மீனும் உப்பும் கொண்டுவரச் சொல்லியிருந்தா, வீட்டுக்குக் கொஞ்சம் கருவாடு போட. ஹாசிம் விடியவே மீனை வாங்கிக் குடுத்திட்டு வேலைக்குப் போனார். உப்பு பின்னேரம்தான் வந்திச்சு. பைக்குப் பின்னால கட்டிக்கொண்டு சந்தோசமா வந்திறங்கினார்.

நஃபீஸா மூக்கை முந்தானையால பொத்திக்கொண்டு முத்தத்தில நிண்டா.

"நல்லாருக்கு. மீன் காலையில வருது, உப்பு அஸர் தொழுகைக்குப் பொறகு வருது. வயித்தைக் கீறி வச்ச மீன் உங்கட உப்பு வருமட்டும் பார்த்துக்கொண்டு இருக்குமா? நாறிப் போச்சு! கோழிக்குக்கூடப் போடேலாது!"

"உப்பு இப்ப வந்திட்டுதுதானே..."

"இப்ப வந்து? இப்ப வந்து என்னத்துக்கு? மீனைத் தொடக்குள்ள கையில உப்பு இருக்கணும். பொறகு மலையா வந்தாலும் வேலையில்ல!"

ஹாசிம் உப்பு மூட்டையைத் தோளில வச்சபடியே அசையாம நிண்டார். நஃபீஸா ஏசுறதைக் கேட்டு மனுசன் மனம் வருந்துறார் எண்டு நினைச்சு அவ கொஞ்சம் குரலைக் குறைச்சா. வருத்தம் ஒண்டும் இல்ல. மூட்டையைப் படியில போட்டுட்டு ஹோலுக்குள்ள ஓடினார்.

விசயம் இதுதான். விளையாட்டு ஃபைலுகளை ஏ-யில இருந்து இசட் வரைக்கும் வரிசையா வாசிக்கும். ஹாசிம் பேரெல்லாம் எங்கட பேராவே இங்கிலிஷ் எழுத்தில வச்சிருந்தார். கருவாடு கே-யில தொடங்குது. உப்பு யூ-வில. கே வந்து, யூ வாறதுக்குள்ள எவ்வளவு தூரம்! கருவாடு வந்து நிண்டு உப்பைக் கேக்குது. உப்பு இன்னும் வந்து சேரல்ல. வெள்ளைக்காரன்ட ஊரில சோல்ட் எண்டு எஸ்-ல எழுதியிருப்பான், ஃபிஷ் எண்டு எஃப்-ல எழுதியிருப்பான். அவனுக்கும் மூடித்தான் இருக்கும். ஹாசிமுக்கு அதில ஒரு ஆறுதல்.

உப்பு ஃபைல்ட பேருக்கு முன்னால ஒரு ஏ போட்டார். ராஜ்ஜியம் திறந்திச்சு. கோட்டை நிண்டிச்சு. கருவாடு காய்ஞ்சிச்சு. சுல்தான் ஹாசிம் தலைப்பாவோட சிரிச்சார்.

வெண்டவனுக்கு வாய் சும்மா இருக்குமா? நஃபீஸாவைக் கூப்பிட்டுக் கதிரையில இருத்தி வகுப்பு எடுத்தார். நஃபீஸா கலியாணத்துக்கு முன்னால கற்பிட்டியில ஒரு கடையில ஃபோட்டோ கொப்பி அடிச்சு, கலியாணக் காட் டைப் பண்ணினவ. ஹாசிம் அதைப் படிப்பில சேர்க்கிறதில்ல. "அது டைப்பிங். இது டேட்டா" எண்டுவார்.

"கவனமாக் கேளு. தேவையான சாமான் முதல்ல வரணும். அது ஒரு சட்டம். வெல்ல வேண்டிய சாமான் கடைசியா வரணும். அது மத்தச் சட்டம்."

"அதென்ன மத்தது?"

"ரெண்டு ஃபைல் ஒரே விசயத்தைச் சொன்னா, கடைசியா வாசிச்சதுதான் நிக்கும். முந்தினதை மறந்திடும். திறந்த உடனே வாற கட்டளை இருக்கே, விளையாட்டிலயே ஒண்டு இருக்கு, 'வருக அரசே' எண்டு. நான் என்ட கட்டளையை ஒரு ஃபைல்ல எழுதி, பேருக்கு முன்னால ரெண்டு இசட் போட்டு வச்சிருக்கன். எல்லாத்துக்கும் கடைசி அதுதான். ஆராலயும் மாத்தேலாது."

"எங்க, காட்டுங்க."

காட்டினார். 'சுல்தான் ஹாசிமின் கட்டளை: ஹோல் மேசை கியாமத்து நாள் வரைக்கும் சுல்தானுக்கே.'

"அப்ப ரெண்டு இசட்டுக்குப் பொறகு ஒண்டும் வராதா?"

"பேய்க் கேள்வி கேக்காத. இசட்டோட எழுத்தே முடிஞ்சு."

"ஓம் என்ன," எண்டு எழும்பினா நஃபீஸா. "நல்லாப் படிச்சிருக்கீங்க."

கலியாணம் முடிச்ச நாளில இருந்து அவ வாயால அப்படி ஒரு சொல் வந்ததில்ல. ஹாசிம் அதை ருசிச்சு ருசிச்சுக் கேட்டார். அங்கதான் யோசிச்சிருக்கணும்.

வெள்ளிக்கிழமை ரஸாக் வந்தார். மடிப்புக் கலையாத சாரம், வெள்ளைத் தொப்பி, அத்தர் மணம். ஹாசிம் கொம்பியூட்டரைத் துடைச்சு, போட்டு வச்சு, மச்சானோட ஜும்ஆவுக்குப் போனார். பாலாவியில அந்த நேரம் வீடுகளில ஒரு ஆம்புளையும் இருக்க மாட்டான். பள்ளியில அண்டைக்கு குத்பாப் பிரசங்கம் கொஞ்சம் நீண்டுச்சு. ஹாசிம்ட மனம் முழுக்க மேசையில. நஃபீஸாவும் மேசையிலதான் இருந்தா.

வந்து சாப்பிட்டாங்க. புரியாணி திறம். ரஸாக் ஏப்பம் விட்டு, கண்ணாடியைப் போட்டு, கதிரையை இழுத்துக்கொண்டு முன்னால இருந்தார்.

"திறங்க மச்சான், உங்கட கற்பிட்டியை."

ஹாசிம் அமத்தினார். திறந்திச்சு! கோட்டை வந்திச்சு, கடல் வந்திச்சு, மீன் பிடிக்கிற வத்தை வந்திச்சு. "பார்த்தீங்களா? பார்த்தீங்களா?" எண்டு நஃபீஸா பக்கம் திரும்பினார். அவ கைகட்டி நிண்டு தலையாட்டினா. அரச கட்டளை வந்திச்சு. ரஸாக் நீதவான் மாதிரி உரக்க வாசிச்சார்.

"'கற்பிட்டி மகாராணி நஃபீஸாவின் கட்டளை...'"

"ஆர்?" எண்டார் ஹாசிம்.

"'ஹோல் மேசை தையல் மெசினுக்கு. கொம்பியூட்டர் கோழிக்கூட்டுப் பக்கம். உப்பு மந்திரி ஹாசிம் அஸருக்கு முன்னால தூக்கி வைக்கணும். வியாழக்கிழமை மாதிரிப் பிந்தப்படாது.'" ரஸாக் கண்ணாடியைக் கழட்டினார். "உப்பு மந்திரி. நல்ல பதவி."

"இது செல்லாது! என்ட ஃபைல்ல கை வச்சிருக்கா!"

"வைக்கல்லையே. திறந்து பாருங்க. உங்கட ரெண்டு இசட் ஒரு எழுத்துக் குறையாம அப்படியே இருக்கு."

திறந்து பார்த்தார். அப்படியேதான் இருந்திச்சு. அதுக்குக் கீழ இன்னொண்டு இருந்திச்சு. மூணு இசட்.

"எழுத்து முடிஞ்செண்டு சொன்னீங்க," எண்டா நஃபீஸா. "அதான் முடிஞ்ச எழுத்தையே இன்னொருக்காப் போட்டன். டைப்பிங்தானே, எனக்குத் தெரிஞ்சது."

ஹாசிம் மச்சானைப் பார்த்தார். மச்சான் பல்லுக் குத்திக்கொண்டு தீர்ப்பு சொன்னார். "என்ன வந்தாலும் சட்டம் எண்டு ஃபோனில என்ட காதுக்கே கேட்டிச்சு. பள்ளியால வந்த கையோட கதை மாத்தாதீங்க. வாங்க, ஒரு பக்கம் நான் பிடிக்கிறன்."

அஸருக்கு முன்னால கொம்பியூட்டர் போய்ச் சேர்ந்திச்சு.

அடுத்த நாள் பின்னேரம் பின் விறாந்தையில சுல்தான் இருந்தார். வாவிக் காத்து புழுதியை அள்ளிப் போட்டிச்சு. ஒரு பேட்டுக் கோழி கீபோட்டில ஏறி நிண்டு என்னவோ எழுதப் பார்த்திச்சு. ஹோலில ஃபேனுக்குக் கீழ தையல் மெசின் கடகடெண்டு ஓடுற சத்தம். ஹாசிம் கோழியை விரட்டினார். முகத்தில திரும்பவும் ஒரு தெளிவு. சட்டம் சட்டம்தானே, கடைசியா வாறது வெல்லும். அவ மூணு போட்டா, அவருக்கு நாலு போடத் தெரியாதா? அடுத்த வெள்ளிக்கும் ரஸாக்கைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடலாம்.

புது ஃபைல் ஒண்டைத் திறந்தார். பேருக்கு முன்னால ஆறுதலா, அழுத்தி அழுத்தி, நாலு இசட் அடிச்சார். சேமிக்கச் சொன்னார்.

இந்தப் பேரில ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கெண்டு கொம்பியூட்டர் பணிவாச் சொல்லிச்சு.