பாட்டிலுக்குள் போன கல்யாண மோதிரம்

மரியாதைக்குரிய சுகதன் சார் அவர்களுக்கு,

உங்கள் லேபில் முப்பத்தோரு வருஷம் கண்ணாடிச் சாமான் கழுவிய ஔசேப்பச்சனின் பெண்டாட்டி கொச்சுறாணி எழுதிக்கொள்வது. நானும் இரண்டு ஆடும் நலம். என் அச்சாயனை அடக்கம் பண்ணி இன்றைக்கு இருபத்தாறாம் நாள். உங்கள் வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்பது முறை என்பதால் கேட்கிறேன்.

அடக்கத்தன்று பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஊரே வரிசையில் வந்து அவர் கையில் முத்தம் கொடுத்தது. பார்த்தால் மோதிர விரல் மொட்டை! உள்பக்கம் என் பெயர் வெட்டிய கல்யாண மோதிரம் இல்லை, அது இருந்த வெள்ளைத் தடம் மட்டும்தான். நாத்தனார் பிரிஜித்தா அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு, "மோதிரம் எங்கடீ? எவளுக்குக் கொடுத்தான்?" என்றாள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, அவருக்கே கேட்கிற மாதிரி! என்னிடம் அவர் சொன்னது, "ஆசிட் படும்னு லேப் பீரோவுல கழட்டி வெச்சிருக்கேன்டி." நாலு மாதம் அதை நம்பினேன் சார்.

அதைக் கேட்டு வாங்கத்தான் போன வாரம் லேபுக்கு வந்தேன். நீங்கள் ஊரில் இல்லை. உங்களிடம் ஆராய்ச்சி பண்ணுகிற ஷெமீனா என்னைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள். அப்புறம் ஒரு சின்ன பாட்டிலை நீட்டினாள். உள்ளே ரோஸ் கலரில் பொடி.

"இதுதான் அம்மச்சி."

"எதுடீ?"

"மோதிரம்."

நாங்கள் பல் தேய்க்கிற உமிக்கரி இருக்கிறதே, அதை வெள்ளை வெளேரென்று ஆகும்வரை சுட்டு, என்னென்னவோ பண்ணி எடுத்த சாம்பலாம் அது. முழுக்கத் துளையாம். துளைக்குத் துளை என் மோதிரம் பொடிப்பொடியாக உட்கார்ந்திருக்கிறதாம். "கண்ணுக்குத் தெரியாத துளைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத மோதிரமா? கண்ணுக்குத் தெரியுற எதையாவது காட்டுடீ!" என்றேன்.

நடந்தது என்ன? நீங்கள் தங்க உப்பு வாங்க மூன்று கடையில் கொட்டேஷன் கேட்டீர்கள். இரண்டு வந்தது. மூன்றாவது கடைக்காரன் மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டான். ஷெமீனாவுக்கோ ஆராய்ச்சிக் கெடு முடிகிறது. தண்ணீர்த் தொட்டி ஓரம் அழுதுகொண்டிருந்தாளாம். என் ஆள், "தங்கம்தானே வேணும்? அழாதே கொச்சே" என்று கழற்றிக் கொடுத்துவிட்டார். ஆசிட்டில் போட்டுக் கரைத்து, காய்ச்சிச் சிவப்பாக்கி, சாம்பலில் ஏற்றிவிட்டார்கள். ஒரு துண்டு வெட்டியிருந்தால் போதாதா என்றால், "சொன்னேன் அம்மச்சி. பாதி மோதிரத்தை எந்த விரல்ல போடுறதுன்னு கேட்டார்" என்கிறாள். மோதிரம் கரைத்த மிச்சத் தண்ணீரில் இன்னும் மூன்று பேர் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறார்களாம்! உங்கள் கட்டுரையில் ஏழு பேர் பெயர் இருக்கிறது. தங்கம் போட்டவர் பெயர் எங்கே சார்?

நான் ஆறாம் வகுப்பு. எனக்கு இந்தத் துளைக் கணக்கெல்லாம் வேண்டாம். நாற்பத்தொன்றாம் நாள் மாதா கோயில் ஹாலில் சாப்பாடு. அதற்குள் மோதிரம் என் கைக்கு வர வேண்டும். பிரிஜித்தாவின் இலைக்கு முன்னால் வைக்க வேண்டும். அவர் எவளிடமும் போகவில்லை என்று ஊர் பார்க்க வேண்டும்.

உங்களுக்கும் வீட்டம்மாவுக்கும் மாதா துணை இருக்கட்டும். கோபம் ஆறவில்லை, ஆனாலும் இருக்கட்டும்.

கொச்சுறாணி ஔசேப்பு

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஷெமீனா அந்த பாட்டிலோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். ஏதோ விஷமாம், மஞ்சள் தண்ணீர். டம்ளரில் ஊற்றி, ஒரு உப்பும் நம் பொடியில் ஒரு சிட்டிகையும் போட்டாள். நான் கட்டன் காப்பி போட்டு முடிப்பதற்குள் மஞ்சள் போய்க் கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிந்துவிட்டது. பொடியை வடிகட்டிக் கழுவி அடுத்த டம்ளரில் போட்டாள். அதுவும் தெளிந்தது. "தீர்ந்து போகாதாடீ?" என்றேன். "வேலை செய்யும் அம்மச்சி, தான் குறையாது" என்றாள். பொடியில் இருக்கிற தங்கத்தைத் திரும்ப உருக்கி ஒரு மணியாக எடுத்துத் தரலாமாம். அதில் என் பெயர் இருக்குமா என்றேன். இருக்காதாம். பிறகு எனக்கெதற்கு? பாட்டிலை அவளிடமே கொடுத்துவிட்டேன். மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். நாற்பத்தொன்றாம் நாள் நீங்களே மஞ்சள் தண்ணீரோடு வந்து, பிரிஜித்தா கண் முன்னால் செய்து காட்டுங்கள். அப்போதும் அவள் நம்பாவிட்டால், அவள் வளையலைக் கழற்றிக் கரைத்து முதலிலிருந்து காட்டுங்கள். கையை நான் பிடித்துக்கொள்கிறேன்.