இரண்டு பள்ளத்தாக்கு உடுத்திய கல்லூரி

அன்புள்ள தம்பி ஹால்வருக்கு அக்கா குன்வோர் எழுதுவது. இங்கே நானும் மகன் தல்லேவும் ஆடுகளும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பதிலில் அதைப் பற்றி மட்டுமே எழுதாதே.

என் பேத்தி சிக்னேவுக்கு ஓஸ்லோவில் மேடை உடை வடிவமைப்புப் படிக்க இடம் கிடைத்துவிட்டது. ஆகவே அங்குள்ள உன் வீட்டு மாடியறையைக் காலி செய். வெள்ளிக்கிழமை தோறும் அவளை ஊர் பஸ்ஸில் ஏற்றிவிடுவது உன் பொறுப்பு. அவளில்லாத வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் என்னால் இருக்க முடியாது.

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் கல்லூரி விஷயத்தில் தலையிடவே இல்லை. ஓஸ்லோவா, கோபன்ஹேகனா என்று அவள் குழம்பியபோது, "டென்மார்க்காரங்க வாயில சுடு உருளைக்கிழங்கை வெச்சுக்கிட்டுப் பேசறவங்க, பாடம் எப்படிப் புரியும்?" என்று மட்டும் கேட்டேன். அதையும் சாப்பாட்டு வேளைகளில்தான் கேட்டேன். தல்லேவோ, "துணி தைக்கவா மூணு வருஷம்?" என்றான். "ஏன்டா, நீ வேலி கட்டக் கத்துக்கிட்டு நாப்பது வருஷம் ஆச்சு, இன்னும் ஆடு தாண்டிப் போகுதே" என்றேன். அவன் எழுந்து ஆட்டைத் தேடப் போனான்.

ஓஸ்லோ நேர்காணலுக்கு வீட்டாரும் வரலாம் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். வந்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை என்பது சிக்னேவின் கட்சி. மரியாதைக்காக மே பதினேழு தேசிய தினத்துக்கு உடுத்தும் நம் ஊர்ப் பாரம்பரிய உடையான புனாடை உடுத்தி, மார்பில் வெள்ளிப் பதக்கங்கள் அத்தனையும் குத்திக்கொண்டு போனேன். அங்கே கூடத்தில் ஒரு பெண் நின்றாள், இடுப்பில் சிவப்பும் பச்சையும் கரை போட்ட நம் சேதெஸ்டால் பள்ளத்தாக்கின் கறுப்புப் பாவாடை, அதன்மேல் ஹர்டாங்கர்க்காரர்களின் வெள்ளை ஏப்ரன், காலில் ஓட்டப்பந்தய ஷூ, சுற்றி அத்தனை படித்தவர்கள், ஒருவராவது சொல்லவேண்டுமே! நம் ஊரில் காலுறை தப்பாக இருந்தாலே தேவாலய வாசலை அடைவதற்குள் மூன்று பேர் திருத்திவிடுவார்கள், அதுதானே மனிதத்தன்மை. அருகில் போய், "ஏம்மா, அவசரத்துல யாரோட ஏப்ரனையோ கட்டிக்கிட்டு வந்துட்டே" என்றேன்.

"தெரிஞ்சுதான் கட்டியிருக்கேன். இது ஒரு நாடகத்துக்கான உடை. அதுல நாயகி சேதெஸ்டால்லேர்ந்து ஹர்டாங்கருக்கு ஓடிப்போனவ."

"ஓடிப்போனவ ரெண்டு ஊரையும் ஒண்ணாவா கட்டிப்பா? போய்ச் சேர்ந்து குளிச்சு மாத்திக்க மாட்டாளா?" என்று சொல்லிக்கொண்டே ஒத்தாசையாக முடிச்சை அவிழ்த்தேன். மேடையில் சட்டென்று மாற்றுவதற்காக எல்லாவற்றையும் ஒரே துணியாகத் தைத்து, முதுகில் ஒட்டுப்பட்டை வைத்திருப்பார்களாம். யார் கண்டது? 'டர்' என்று ஒரு சத்தம், மொத்தமும் என் கையோடு வந்துவிட்டது. உள்ளே கறுப்புக் கால்சட்டை போட்டிருந்தாள், நல்ல வேளை. அவள்தான் துறைத் தலைவி.

"இவங்க உங்க பாட்டியா?" என்று சிக்னேவைக் கேட்டாள்.

"இல்லைங்க. பஸ்ல கூட வந்தவங்க."

குழந்தையின் எதிர்காலமாயிற்றே என்று நானும் தலையாட்டினேன். எங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நேர்காணலில், "அந்த பஸ் பாட்டியை மேடை ஏத்தணும்னா உடையில என்ன மாத்துவே?" என்று கேட்டார்களாம். "எதையும் மாத்த விடமாட்டாங்க" என்றாளாம் இவள். அந்தப் பதிலுக்கே இடம் கொடுத்துவிட்டார்கள். ஆக, யாரால் கிடைத்தது என்று நான் சொல்லிக்கொள்ளப் போவதில்லை.

உனக்கும் உன் மனைவிக்கும் கர்த்தர் நல்ல சுகமும் உலர்ந்த விறகும் தரட்டும்.

இப்படிக்கு,
அக்கா குன்வோர்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் சிக்னே வந்தாள். கோபன்ஹேகனிலும் இடம் கிடைத்ததாம், அங்கேயே சேருவதாக எழுதிப் போட்டுவிட்டாளாம். "ஓஸ்லோல சேர்ந்தா மூணு வருஷமும் நான் அந்தப் பாட்டியோட பேத்தி. அங்க போனா வெறும் சிக்னே. கோவமா பாட்டி?" என்று கேட்டாள். நல்ல முடிவு என்று சொன்னேன். இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது, முதல் தடவை குரல் சரியாக வரவில்லை.