தோற்கத் தெரிந்த குடும்பம்

குடும்பம் என்னும் நிறுவனம் இத்தனை ஆயிரம் ஆண்டுகளாக முறையான நிர்வாகம் இல்லாமலேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்தால், பொறுப்புள்ள எவருக்கும் நெஞ்சு பதறும். இலக்கு கிடையாது. ஆய்வுக்கூட்டம் கிடையாது. யாருக்கு மேலே யார் என்று சொல்ல வாசலில் ஒரு பலகைகூடக் கிடையாது. இந்த அவலத்தைத் துடைக்க ஒருவர் பிறந்து வரவேண்டியிருந்தது. பிறந்தார், படித்தார், ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கிளை மேலாளர் ஆனார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி வீட்டுக்கு வந்தார்.

பெட்டிக்குள் இருந்தது வீடியோ கேம் கன்சோல்.

மேலாளர் அதை விளையாட்டாக வாங்கிவிடவில்லை. தலைமை அலுவலகம் நடத்திய பயிற்சி முகாமில், கோட்டு போட்ட பேச்சாளர் ஒருவர் மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடி, "உங்க பிள்ளைங்களோட கடைசியா எப்ப விளையாடினீங்க?" என்று கேட்டார். அரங்கமே தலைகுனிந்தது. மேலாளர் மட்டும் குனியவில்லை. அவர் பிள்ளைகளோடு விளையாடியதே இல்லை. ஆகவே 'கடைசியாக' என்ற கேள்விக்கே இடமில்லை. ஆனால் பேச்சாளர் சொன்ன 'குடும்பப் பிணைப்பு' என்ற சொல் அவருக்குப் பிடித்துப்போயிற்று. சுற்றுவட்டாரத்தில் வேறு எந்தக் கிளை மேலாளரிடமும் அது இல்லை.

டி.வி.யில் வயர்களை மாட்டியது பத்தாவது படிக்கும் மகள். கூடவே வந்த கையேட்டை உரக்கப் படித்து 'மேற்பார்வை' செய்தது மேலாளர். ஐந்தாவது படிக்கும் மகன் பெட்டியைத் துழாவி, "அம்மா, நாலு கன்ட்ரோலர்!" என்று கூவினான். அதுவரை அந்த வீட்டில் ஒரே ஒரு கன்ட்ரோலர்தான் இருந்தார்.

முதல் ஆட்டம் கார் பந்தயம். மகள் முதல் வளைவிலேயே அப்பாவைத் தாண்டினாள். கொஞ்ச நேரம் காரை ஓட்டியவள், அப்புறம் அப்பாவையே ஓட்ட ஆரம்பித்தாள்.

"அப்பா, தப்பான பக்கமா போறீங்க. ஓரமா வாங்க, நான்தான் எதிர்ல வர்றேன்!"

மகன் சோபாவிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தான். மனைவி சமையலறை வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். திரையில் மேலாளரின் கார் ஒரு சுவரை விடாமல் முட்டிக்கொண்டிருந்தது.

மேலாளரும் சிரித்தார். பல்லால் மட்டும்.

அன்று சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டது. சற்று நேரத்தில் அதே சாப்பாட்டில் உப்பு குறைந்தும் போயிற்று. மகளின் கணக்கு மதிப்பெண் மறுபரிசீலனைக்கு வந்தது. மகன் உட்காரும் விதம் கண்டிக்கப்பட்டது. ஆளில்லாத அறையில் விளக்கு எரிவதால் உலகுக்கு நேரும் கேடு பற்றி மனைவிக்கு ஒரு சிற்றுரை வழங்கப்பட்டது. மறுநாளும் மகள் ஜெயித்தாள். மறுநாளும் உப்பு சரியில்லை.

கெட்ட நேரம் பாருங்கள், அந்த வாரம்தான் பள்ளிக்கூடக் கூடைப்பந்து அணியில் மகளுக்கு இடம் கிடைத்தது. அடுத்த மாதம் வெளியூரில் போட்டி. "போகட்டுமாப்பா?" என்று கேட்டாள். "படிப்பைப் பாரு" என்று பதில் வந்தது. அவளிடம் தோற்றதற்கும் இந்தப் பதிலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை மேலாளர் தன் மனசாட்சியிடம் விசாரித்து உறுதிசெய்துகொண்டார்.

அடுத்த நாள் மேலாளர் குளிக்கப் போன நேரம் பார்த்து, மனைவி பிள்ளைகளைச் சமையலறைக்கு இழுத்தாள்.

"இன்னிலேர்ந்து அப்பா ஜெயிக்கணும்."

"அதெப்படிம்மா?" என்றாள் மகள். "அவருக்கு எது பிரேக்குன்னே தெரியாது."

"அவருக்கு எதுக்குத் தெரியணும்? உனக்குத் தெரிஞ்சா போதும்."

"ஏமாத்தி ஆடுறது தப்பில்லையா?" என்றான் மகன்.

"ஏமாத்தி ஜெயிச்சாதாண்டா தப்பு. அவர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா நீயா இறக்கி வைக்கப் போற?"

தோற்பது சுலபம் என்று நினைப்பவர்கள் தோற்றுப் பார்க்காதவர்கள். முதல் நாள் மகள் அவசரப்பட்டு, புறப்படும் கோட்டிலேயே காரை நிறுத்திவிட்டாள். மேலாளர் புருவத்தைச் சுருக்கினார்.

"ஏன் நிக்கிற?"

"பெட்ரோல் தீர்ந்துடுச்சுப்பா."

"வண்டியை எடுக்கும்போதே பார்க்க வேண்டாமா? இதைத்தான் நான் திட்டமிடல்னு சொல்றது" என்று விளக்கிவிட்டு, யாருமில்லாத சாலையில் அவர் தன்னந்தனியாக வென்றார்.

போகப்போகக் கை பழகியது. கடைசி வளைவு வரை முன்னால் போய், "ஐயையோ!" என்று அலறிக் குளத்தில் விழுவதில் மகன் தேர்ந்துவிட்டான். அந்த 'ஐயையோ'வை வீதியில் போகிறவர்கள்கூட நம்பியிருப்பார்கள். மகள் நூலிழையில் தோற்கக் கற்றாள். அதற்கு ஜெயிப்பதைவிட இரண்டு மடங்கு சாமர்த்தியம் வேண்டியிருந்தது. மனைவிக்குக் குத்துச்சண்டை ஒதுக்கப்பட்டது. அவளுடைய பொம்மை கையைத் தொங்கப்போட்டபடி முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

"தடுக்கவே மாட்டேங்கிறியே!" என்று மேலாளர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"உங்க வேகத்துக்கு எங்கேர்ந்து தடுக்கிறது?" என்றாள் அவள், அடுப்பில் இருப்பது கருகுகிறதா என்று மோந்து பார்த்தபடி.

குடும்பப் பிணைப்பு செழித்தது. உப்பு ஒரு நிலைக்கு வந்தது. ஒருநாள் மேலாளர் டென்னிஸில் இருவரையும் சேர்த்துத் தோற்கடித்த பிறகு, மகள் அப்பாவுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு மெதுவாக, "அந்தக் கூடைப்பந்து விஷயம்பா..." என்றாள். மேலாளர் தாராளமாகக் கையை அசைத்தார். "போயிட்டு வா. ஆனா என்னை மாதிரி நிதானமா ஆடணும்."

மேலாளர் சத்தியமாகச் சந்தோஷமாக இருந்தார். அதில் பொய்யில்லை. வேலை முடிந்ததும் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பதை விட்டுவிட்டு, நேரே வீட்டுக்கு வந்து சட்டைகூட மாற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார். பிள்ளைகள் எழுந்து போக நினைத்தால், "இன்னொண்ணு ஆடலாம்" என்று கெஞ்சுவார். அவர் கெஞ்சி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

இப்பேர்ப்பட்ட வெற்றியை ஒருவர் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்திருப்பது சமூகத்துக்குச் செய்யும் துரோகம். மேலாளர் அலுவலகத்தில் 'குடும்ப தினம்' அறிவித்தார். கூட்ட அறையில் பெரிய டி.வி., பலூன்கள், ஊழியர் குடும்பங்களுக்குக் கார் பந்தயப் போட்டி. "பதவி பார்க்காம எல்லாரும் சமமா விளையாடணும்" என்று கேட்டுக்கொண்டார். தலைமை எழுத்தர் இந்த உத்தரவை அதன் சரியான பொருளில் புரிந்துகொண்டார். தேநீர் இடைவேளையில் மேசை மேசையாகப் போய் ரகசியக் குரலில் விளக்கியும் சொன்னார்.

அன்று நடந்ததை வரலாறு மறக்காது. அதிகாரி ஒருவரின் கல்லூரி மகன் நேராகப் போய்ப் பள்ளத்தில் இறங்கினான். தட்டச்சரின் கணவர் தொழில்முறை லாரி ஓட்டுநர். வளைவே இல்லாத சாலையில் அவர் கவிழ்ந்தார். "சார் கை பட்டா வண்டி பேசுது!" என்றார் தலைமை எழுத்தர். மேலாளர் அடக்கமாகக் கர்ச்சீப்பால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். முன்வரிசையில் மனைவியும் பிள்ளைகளும் கைதட்டினார்கள். மற்றவர்களைவிட நேர்த்தியாக அவர்கள் தட்டினார்கள், பழக்கம்தானே.

இறுதிச்சுற்றுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தது காசாளரின் மகள். இரண்டாவது படிக்கும் குழந்தை. கால் தரைக்கு எட்டவில்லை. வேறு கிளையிலிருந்து மாற்றலாகி வந்த புதுக் காசாளர், தேநீர் இடைவேளையிலும் கணக்கு முடித்துக்கொண்டிருந்ததால் அவரிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

குழந்தை புறப்பட்ட வேகத்தில் பலூன் ஒன்று தானாகவே வெடித்தது. தலைமை எழுத்தர் பாய்ந்து போய்க் காசாளரின் காதில் ஏதோ சொன்னார். காசாளரின் முகம் வெளுத்தது. அவர் பலமாக இருமினார். குழந்தை திரும்பிப் பார்த்தது.

"என்னப்பா, இன்னும் வேகமாவா?"

வேகமாகவே போனாள். ஒரு சுற்று முழுக்க முடித்து, பின்னாலிருந்து வந்து, மேலாளரை மறுபடியும் தாண்டினாள். தாண்டும்போது அவளுக்கே மனசு கேட்கவில்லை.

"அங்கிள், நீங்க பிரேக்கை அமுக்கிக்கிட்டே ஓட்டுறீங்க. அந்த விரலை எடுங்க." பிறகு, ஆறுதலாக, "இன்னிக்குத்தான் முதல் தடவையா விளையாடுறீங்களா?"

அத்தனை ஊழியர்களும் அத்தனை பலூன்களையும் உற்றுப் பார்த்தார்கள். முன்வரிசையில் மட்டும் ஒரு குரல் பொத்துக்கொண்டு சிரித்தது. அது மேலாளரின் மகன். அக்கா அவன் தொடையில் கிள்ளினாள்.

மேலாளர் திரும்பித் தன் குடும்பத்தைப் பார்த்தார். அந்த முகங்களில் பயம் இருந்தது. ஆச்சரியம் இல்லை.

அவர் எழுந்து குழந்தைக்குப் பரிசைக் கொடுத்தார். கன்னத்தைத் தட்டினார். காசாளரிடம், "ரொம்ப சந்தோஷம். உங்க பழைய கிளை எந்த ஊர்ல?" என்று விசாரித்தார். காசாளருக்கு ஊர்ப் பெயர் மறந்துவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மேலாளர் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார்.

"இனிமே இந்த வீட்ல விளையாட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கூடைப்பந்தும் வேண்டாம். யாரும் எங்கயும் போக வேண்டாம்."

மகள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. டி.வி.யைப் போட்டாள். ஒரு கன்ட்ரோலரை எடுத்து அவர் மடியில் வைத்தாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆடுங்கப்பா. நான் ஜெயிச்சா போட்டிக்குப் போவேன்."

மகன் அம்மாவைப் பார்த்தான். வழக்கமாக இந்த இடத்தில் அம்மா கண்ணால் ஒரு ஜாடை காட்டுவாள். இன்று காட்டவில்லை. "ஆடட்டும்" என்றாள்.

"நிஜமா ஆடணும்" என்றார் மேலாளர்.

"நிஜமாத்தான்."

ஆட்டம் ஆரம்பித்தது. பிரேக்கிலிருந்து விரலை எடுத்துப் பார்த்தார். வண்டி உண்மையிலேயே பறந்தது. அப்படியும் மகளின் காரை அவரால் எட்ட முடியவில்லை. இத்தனை நாள் அந்தச் சாலையில் எல்லாரும் கடைசியில் தனக்குப் பின்னால் வந்துதான் அவருக்குத் தெரியும். இப்போது மகளின் கார் பாலத்தில் ஏறி, வளைவில் சாய்ந்து, தூரத்தில் புள்ளியாகிக்கொண்டிருந்தது. ஒரு நொடி திரையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். நாக்கின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கண் இமைக்காமல் ஆடினாள். மாலை மாலையாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள்தான். இந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

ஜெயித்தாள். "இன்னொண்ணு" என்றார். அதிலும் ஜெயித்தாள். இந்த முறை வித்தியாசம் கொஞ்சம் குறைந்திருந்தது. அவள் விட்டுக்கொடுக்கிறாளோ என்று சந்தேகப்பட்டு அவர் அவளை முறைத்தார். "இல்லப்பா, சத்தியமா" என்றாள். அந்தச் சத்தியம் அவருக்கு இதுவரை வாங்கிய எந்த வெற்றியைவிடவும் இனித்தது.

கன்ட்ரோலரைக் கீழே வைத்தார்.

"போயிட்டு வா" என்றார், டி.வி.யைப் பார்த்து.

மகள் அறைக்குள் ஓடினாள். தம்பியும் பின்னாலேயே ஓடினான். உள்ளே இரண்டு பேரும் கட்டில்மேல் குதிக்கும் சத்தம் கேட்டது. கண்டிக்க வேண்டும் என்று மேலாளருக்குத் தோன்றவில்லை. சோபாவில் கிடந்த அவருடைய கோட்டை எடுத்து மனைவி மடித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு" என்றார் மேலாளர். "எவ்வளவு நாளா எனக்கு இப்படி விட்டுக்கொடுத்துக்கிட்டு இருக்கீங்க?"

மனைவி மடிப்பதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுல கேக்குறீங்க?" என்றாள். "கேம்லயா?"