நைட்ரேட்டின் சராசரி

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது ‘சராசரி’. இதைச் சொல்லும் நான் சாதாரண ஆள் அல்ல. எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர்.

எங்கள் தெரு மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் முடிகிறது. வீட்டுக்கு ஒரு செப்டிக் டேங்க், ஒரு கிணறு. டேங்குகளிலிருந்து கசிவதெல்லாம் நிலத்தடி நீரில் நைட்ரேட்டாகச் சேருகிறதாம். அது கைக்குழந்தைக்கு ஆகாதாம், உடம்பே நீலம் பாரித்துவிடுமாம். நர்ஸ் சொன்னாளென்று இதைக் கிளப்பிவிட்டவள் பள்ளத்துக் கடைசி வீட்டுத் தையல்காரி. அவளுக்கு இரண்டு மாதக் குழந்தை, புட்டிப்பால்.

விஷயம் வெளியே கசிந்தால் வீட்டு விலை என்னாவது? சங்கம் உடனே ஒரு ‘நிபுணரை’ வரவழைத்தது. அவர் எல்லாக் கிணற்றிலும் தண்ணீர் எடுத்துச் சோதித்து, கூட்டத்தில் முழங்கினார்:

“மேட்டு வீடுகள்ல தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு. கடைசி வீட்டுல மட்டும் நைட்ரேட் கொஞ்சம் ‘ஆர்வமா’ இருக்கு. எல்லாத்தையும் கூட்டி வகுத்தா, தெரு பாஸ்!”

கைதட்டலில் மின்விசிறிச் சத்தமே கேட்கவில்லை. தலைவர் கண் கலங்கினார்.

தையல்காரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

“சார், நான் தெருத் தண்ணியையா குடிக்கிறேன்? என் கிணத்துத் தண்ணியைத்தானே குடிக்கிறேன்?”

“அங்கதாம்மா தப்பு பண்றீங்க. தனியாப் பாக்காதீங்க, மொத்தமாப் பாருங்க.”

“காய்ச்சிக் குடுத்தா சரியாயிடுமா?”

“காய்ச்சினா தண்ணிதான் வத்தும், நைட்ரேட் வத்தாது. இன்னும் ஜாஸ்தியாகும்.” உண்மை வாய் தவறி வந்துவிட்ட பதற்றத்தில் நிபுணர் தண்ணீர் குடித்தார். கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீர்.

பொருளாளர் இளகிய மனசுக்காரர். “ஏம்மா, மேட்டு வீட்டுல தினம் ஒரு குடம் கேட்டுப் பாக்கறதுதானே?”

“கேட்டேண்ணா. செயலாளர் வீட்டுல, ‘இன்னைக்குக் குடுத்தா நாளைக்கும் வந்து நிப்பே’ன்னு கதவைச் சாத்திட்டாங்க.”

நான் மின்விசிறியைக் கவனித்தேன். நன்றாகவே சுற்றிக்கொண்டிருந்தது.

“சுத்தி வளைக்காதீங்க சார். என் புள்ளைக்கு இந்தத் தண்ணில பால் பவுடர் கரைக்கலாமா, கூடாதா?”

நிபுணர் கால்குலேட்டரை எடுத்தார். தெருவாசிகள் அத்தனை பேர் வயதையும் கேட்டுக் கூட்டினார், வகுத்தார். முகம் மலர்ந்தது.

“கவலையே வேணாம்மா! சராசரி வயசு நாப்பத்தொண்ணு வருது. இந்தத் தெருவுல கைக்குழந்தையே கிடையாது!”

கிடையாத குழந்தை வீரிட்டு அழுதது. அவள் எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வெளியே போனாள். எதிர்க்க ஆளில்லாததால், ‘தண்ணீர் தூய்மையானது’ என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

நாளைக்கே அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்காதீர்கள். பழியையும் தெரு முழுக்கக் கூட்டி வகுத்துக்கொள்வோம். ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும். சராசரியாகப் பார்த்தால், அதை யாருமே கொல்லவில்லை.