ரிசெப்டர் அண்ணனின் கஞ்சா விளக்கம்

இலங்கை மலையகத்து நோர்வூட்டில் கஞ்சாவைப் பற்றி ரிசெப்டர் அண்ணன் அளவுக்குப் பேசியவரும் இல்லை, அவர் அளவுக்கு அதிலிருந்து விலகி நின்றவரும் இல்லை. பீடிகூடப் பிடிக்காத த்ரீவீலர்காரர். ஃபோனில் ஏதோ வீடியோ பார்த்த நாளிலிருந்து, வண்டியில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் பாடம்தான்; அந்தப் பட்டப்பெயரும் அதில்தான் ஒட்டியது.

"நம்ம ஒடம்பே கஞ்சா மாதிரி ஒரு சரக்க சொந்தமா செய்யுதுங்க. அது போய் ஒட்டுற எடந்தான் ரிசெப்டர். மூளையில இருக்கு, கொடல்ல இருக்கு. வலி, பசி, வாந்தி எல்லாத்துலயும் அதுக்குப் பங்கு இருக்கு!" என்று வளைவில் இரண்டு கைகளையும் விட்டுவிட்டு விளக்குவார். பின்னால் நாம் கம்பியைப் பிடித்துக்கொள்வோம். ஒருமுறை சாதாரண உடையில் ஏறிய பொலிஸ்காரரிடமும் இதையே சொல்லப்போய், அவர் சீட்டைக் கழற்றித் தேடினார். அகப்பட்டது ஒரு ஸ்பேனர் மட்டும்தான்.

என் மனைவி செல்விக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. கஞ்சித் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. உடம்பு இன்னும் இளைத்தால் அடுத்த மருந்தைத் தள்ளிப்போட வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். பயத்தில் ரிசெப்டரைத் தனியே கூப்பிட்டு, "அந்தச் சரக்கு கொஞ்சம் கெடைக்குமாண்ணே?" என்றேன்.

மனுஷன் கொதித்துவிட்டார். "நான் பேசுறவன்ங்க, விக்கிறவனா? வெளிநாட்டுல அளந்து மாத்திரையா குடுக்குறாங்க. இங்க களவா விக்கிறதுல என்ன கலந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்? வாங்க, டொக்டரையே கேப்போம்."

தேயிலைத் தோட்டத்துத் துரை கேட்டாலும் டொக்டர் கேட்டாலும் எங்கள் ஆட்களின் பதில் ஒன்றுதான். குறை சொன்னால் மரியாதைக் குறைவாம். அன்று கிளினிக்கிலும் டொக்டர், "எப்படி இருக்கீங்க?" என்றதும் செல்வி, "நல்லாருக்குங்க" என்றாள். நானும் தலையாட்டினேன்.

வாசலில் நின்ற ரிசெப்டர் உள்ளே பாய்ந்தார். "பொய்ங்க டொக்டர்! திங்கிறதெல்லாம் வாந்தி. கஞ்சா மாத்திரை குடுக்கலாங்களா?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. செல்வி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சில நாடுகளில் மற்ற மருந்துகள் கேட்காவிட்டால் அப்படியொரு மாத்திரை கொடுப்பதுண்டு, அதிலும் மயக்கம், தலைசுற்றல் எல்லாம் வரும் என்றார். பிறகு சிரிப்பை விட்டு, "வாந்தியை ஏன் இவ்வளவு நாள் சொல்லல?" என்று கேட்டார். ஊசி போட்டு, மாத்திரைகளையும் மாற்றிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில், தலவாக்கலை தாண்டியதும், "பசிக்குதுங்க" என்றாள் செல்வி. எனக்கு அழுகை வந்துவிட்டது. ரிசெப்டர் வண்டியை நிறுத்தி, ஓடிப்போய் ரொட்டியும் பருப்பும் வாங்கி வந்தார்.

அவள் மெதுவாகப் பிய்த்துப் பிய்த்துத் தின்று முடிக்கும்வரை, அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசவில்லை.